பதிகமா, ஒப்பாரியா

இந்த நாற்காலியின் கைப்பிடி பிசுக்கேறிக் கிடக்கிறது. மேல்துண்டை நான்காக மடித்து அதன்மீது முழங்கையை வைத்திருக்கிறேன். இருந்தும் யார் யாரோ எதையெதையோ தின்று துடைத்த எண்ணெய், துணியை ஊடுருவி என் தோலுக்கு வந்துகொண்டே இருப்பதாகத் தோன்றுகிறது. ஞாயிறு காலை பத்து மணி. சன்னிதியில் நின்றிருக்க வேண்டிய வேளையில், நெற்றியில் நீறு காயாத கோலத்தில், முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு திரையரங்கின் ஏழாவது வரிசையில் அமர்ந்திருக்கிறேன், அதுவும் ஒப்பாரி பார்க்க. கேட்க என்று சொல்வதற்கில்லை. இக்காலத்தில் ஒப்பாரியையும் பார்க்கத்தான் செய்கிறார்கள். திரைக்குக் கீழே பதாகை கட்டியிருக்கிறார்கள், ‘நம் கழிமுக வானொலியைக் காப்போம்’ என்று. புயல் பாதுகாப்பு மையத்தின் மாடியில் இரண்டு அறைகளும் ஒரு கம்பமும் கொண்ட அந்த நிலையத்தில் ஆறு ஆண்டுகளாக விடியற்காலை ஐந்தேகால் முதல் ஐந்தரை வரை ஒரு பதிகத்தைப் பண்ணோடு பாடிப் பொருளும் சொல்லி வருகிறவன் நான். ஒலிபரப்புக் கருவி இற்றுவிட்டதாம். இனி நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்துக்குமேல் தாங்காதென்று பொறியாளர் கூறிவிட்டாராம். அலை உயரத்துக்கு ஓர் இடம், மீன் விலைக்கு ஓர் இடம், பள்ளிப் பாடத்துக்கும் பெண்கள் உடல்நலத்துக்கும் இடம். எல்லாம் போக எஞ்சுவது ஒரேயொரு கால்மணி. அதற்கு இரண்டு பேர். என் பதிகம் ஒன்று. குஞ்சம்மாள் என்பவளின் ஒப்பாரி மற்றொன்று. நிலையப் பொறுப்பாளர் ஜெனோவா தொலைபேசியில் இதைச் சொன்ன விதம் இன்னும் காதிலிருந்து இறங்கவில்லை. ‘ஐயா, ரெண்டுல ஒண்ணுதான் நிக்கும். நாங்களா முடிவெடுத்தா ஊரு எங்களை ஏசும். அந்தம்மா பத்தி எடுத்த படத்தைத் தியேட்டர்ல போடுறோம், டிக்கெட் காசு கருவி ரிப்பேருக்கு ஆகும், அப்படியே சனங்களையும் கேட்டுடுவோம்.’ சனங்களைக் கேட்பது. அரங்கின் வாசலில் ஒரு பித்தளைக் குடம். உள்ளே வருகிறவர் கையிலெல்லாம் நான்கு விரல் அகலத்தில் ஒரு வெற்றுச்சீட்டு. என் கையிலும் ஒருத்தி திணித்தாள். படம் முடிந்ததும் அதில் ஒரு சொல் எழுதிக் குடத்தில் இட வேண்டும். பதிகம், அல்லது ஒப்பாரி. குடவோலை முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. ஆயினும் அக்காலத்தில் ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கே ஒருவனுக்குக் கல்வியும் ஒழுக்கமும் வேண்டியிருந்தன. இன்று பாப்கார்ன் பொட்டலம் போதுமானதாக இருக்கிறது.

என் பெயருக்கு நானே எழுதிக்கொள்வதா? அதைவிட இழிவு வேறில்லை. எழுதாமல் போவதா? அப்படியானால் எதற்கு வந்தேன்? கோயிலில் பாட எனக்கு உரிமை இல்லை. அங்கே நியமனம் பெற்ற ஓதுவான் ஒருவன் இருக்கிறான், கொல்லிப் பண்ணைக் கொன்று, நட்டபாடையை நட்டாற்றில் விட்டுச் சம்பளம் வாங்குகிறான், நான் மண்டபத்தூணுக்குப் பின்னால் நின்று உதடு அசைக்கலாம், அவ்வளவே. வீட்டில் மகன் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குகிறான். மருமகள் நல்லவள், ‘மாமா, பாப்பா முழிச்சுக்கும்’ என்பாள். ஆகவே அந்த மாடியறைதான், முட்டை அட்டைகளை ஒட்டிய சுவரும் நுரைக்குல்லாய் போட்ட ஒலிவாங்கியுந்தான், எனக்கு வாய்த்த சன்னிதி. அது போனால் என் குரலுக்கு வெளியே இடமில்லை. எழுபத்தாறு வயதில் ஒருவன் தொண்டையில் பதிகத்தை வைத்துக்கொண்டு எங்கே போவான்? குளியலறைக்கா? சீ, என்ன நினைப்பு. இறைவன் எங்குமிருப்பவன், குளியலறையிலும் கேட்பான். ஆனால் மனிதர் கேட்டார்களா என்பது ஆறு ஆண்டுகளில் எனக்குத் தெரியவே இல்லை. நிலையத்துக்கு வரும் அழைப்பெல்லாம் வஞ்சிரம் என்ன விலை, காற்று வாடையா கச்சானா என்றுதான். ‘நிறைய பேர் கேக்குறாங்க ஐயா’ என்று ஜெனோவா சொல்வாள். யார் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அவள் பெயர் சொல்ல முடியாமல் விழிப்பாளோ என்ற அச்சம். அச்சம் என்று ஏன் சொல்கிறேன், எனக்கென்ன அச்சம், அது ஒரு கூச்சம்.

‘யாருய்யா அது, கொஞ்சம் கால இழுத்துக்கங்க.’ கூடையில்லாமலும் மீன்வாசம் வரும் என்பதை இன்று அறிந்தேன். குளித்து, தலையில் கனகாம்பரம் வைத்து, சலவைப் புடவை உடுத்தி வந்திருக்கிறாள். இருந்தும் வாசம் இருக்கிறது. அரங்கில் எத்தனை இருக்கைகள் காலியாக உள்ளன, எனக்குப் பக்கத்தில்தான் இவளுக்கு இடம் எழுதியிருக்கிறது, முன்வினை. உட்கார்ந்த உடனே பேச்சு. ‘நான் ராசகிளி. தெக்குத்தெரு மீன் ஏலத்துல இருக்கேன். நீங்க ஐயா, எந்தப் பக்கம்?’ மேலவீதி என்றேன், ஒரு சொல்லோடு. ‘அதான் பாத்தேன், பட்டையெல்லாம் பளிச்சுனு இருக்கு.’ முன்வரிசையில் எவனோ திரும்பி, ‘ஏ ராசகிளி, படம் போடப்போறான், வாய மூடு’ என்றான். ‘ஒன் கண்ணுதானே படம் பாக்கப்போவுது, எவ் வாய் எதுக்குடா மூடணும்?’ நான்கு வரிசை சிரித்தது. மேடையில் படத்தை எடுத்த இளைஞன் வந்து நின்றான். தாடி, சணல் பை, சென்னைக் குரல். ‘இது மரணத்தின் இசை இல்ல, வாழ்வின் இசை’ என்றான். இப்படிச் சொல்லாமல் இவர்களுக்கு வாய் திறக்காது. மரணம் மரணந்தான் தம்பி, அதைக் கடக்க வேறு வழி சொல்லியிருக்கிறார்கள், உனக்கு அதைப் படிக்க நேரமிருந்திருக்காது. விளக்கு அணைந்தது. இருளில் அவன் தாடி மறைந்ததில் ஒரு சிறு நிறைவு.

திரை முழுவதும் ஒரு முகம். குஞ்சம்மாள். இவ்வளவு பெரியதாக எந்த முகத்தையும் காட்டக்கூடாது. மூலவரையே அடியார் தூர நின்று தீபத்தில்தான் காண்கிறார்கள். இங்கே ஒருத்தியின் வெற்றிலைக் காவி படிந்த பல்லும், மூக்குத்தித் துளையின் ஓரத்துச் சுருக்கமும் வீட்டுக் கதவளவு தெரிகின்றன. கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடுகிறது, எவனுக்கோ. அவள் சொல்கிறாள்: பிணம் இல்லாமல் பாடமாட்டாளாம். சாவில்லாத இடத்தில் ஒப்பாரி எடுத்தால் அது சாவை அழைத்துவிடுமாம். வானொலிக்காரர்கள் முதன்முறை வந்தபோது ‘எவ்வூட்டுல எல்லாரும் உசுரோட இருக்கையில எப்படிம்மா பாடுறது?’ என்று அனுப்பிவிட்டாளாம். பிறகு அவளே ஒரு வழி கண்டாளாம். ஓர் உலக்கையைத் தெற்கே தலைவைத்துக் கிடத்தி, வேட்டி போர்த்தி, அதற்கு ஒரு பெயரும் இட்டு, அதைப் பார்த்துப் பாடுவாளாம். இதோ படத்திலும் கிடத்துகிறார்கள். தலைமாட்டில் விளக்கு. உலக்கைக்குப் பூண் இருக்கும் முனை கால் பக்கமாம். மூடநம்பிக்கை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஒரு மரக்கட்டையின்முன் அமர்ந்து, மார்பில் அடித்து, கண்ணீர் பெருக்கி, ‘எங்க கண்ணப்பா போன’ என்று கேட்கிறாள், கட்டை பதில் சொல்லாது என்று தெரிந்தும் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறாள், பதிலுக்கு இடம் விட்டுக் கேட்கிறாள். நானோ நுரைக்குல்லாய் போட்ட ஓர் இரும்புக்குழாயின்முன் அமர்ந்து... இல்லை. அது வேறு. முற்றிலும் வேறு. அங்கே நான் பாடுவது குழாயை நோக்கியன்று. இவள் குரலில் சுருதி இல்லை, தாளம் நெஞ்செலும்பில் விழுகிறது, பண் என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் மூன்றாவது அடியில் குரல் கீழிறங்கும் இடம் எனக்குத் தெரிந்த இடமாக இருக்கிறது. கொல்லியில் நான் ஆறு ஆண்டுகளாக இறங்க முயன்று, ஒவ்வொரு விடியலிலும் ஒரு நூலளவு தவறுகிற இடம். இவளுக்கு அது யாரும் சொல்லித்தராமல் வருகிறது. கிளிக்குந்தான் யாரும் சொல்லித்தராமல் கத்த வருகிறது. கிளியை யாரும் திரையரங்கில் காட்டுவதில்லை. காட்டினாலும் காட்டுவார்கள்.

பக்கத்தில் விசும்பல். ராசகிளி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருக்கிறாள். மூக்கை உறிஞ்சுகிறாள், வளையல் அணிந்த கையால் என் கைப்பிடியைப் பற்றியிருக்கிறாள், என் மேல்துண்டின்மேலேயே. துண்டைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. ‘மன்னிச்சுக்கங்கய்யா’ என்றாள், யாருக்கோ சொல்வதுபோல் திரையைப் பார்த்தபடியே. ‘எம் மவன் போட்டுல போனவன். ரெண்டு வருசம் ஆவுது. மூணாம் நாளு கரைக்கு வந்தான். எனக்கு அழுவ வரல. ஊரே அழுவுது, நான் கல்லு மாதிரி குந்திருக்கேன். பொம்பளையாடி நீனு மாமியா கேட்டுச்சு. பதினாறு முடிஞ்சு ஒரு நா சாயங்காலம் ஐஸ் ஒடச்சுக்கிட்டு இருக்கேன், ரேடியோவுல இந்தம்மா குரலு. ஒலக்கைக்குத்தான் பாடுதுன்னு எனக்கு அப்பத் தெரியுமா? எம் புள்ளைக்குப் பாடுதுன்னு நெனச்சேன். ஐஸ் கட்டியக் கட்டிக்கிட்டு அழுதேன்யா.’ இதற்கு நான் என்ன சொல்ல வேண்டும்? பிறவிப் பெருங்கடல், வினைப்பயன், நிலையாமை, எத்தனையோ இருந்தன. சொல்லாதிருந்தது பெருந்தன்மை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் என் வாய் வேறொன்றைக் கேட்டது. ஆறு ஆண்டுகளாக யாரிடமும் கேட்காததை, என் பெயர் தெரியாத இருட்டில், மீன்காரி ஒருத்தியிடம் கேட்டது: ‘விடியற்காலையில் ஒருவர் பதிகம் பாடுகிறாரே, அதைக் கேட்பதுண்டா?’ அவள் மூக்கைத் துடைத்தாள். ‘அந்தப் பெரியவரா? அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும்யா. ஒண்ணும் வெளங்காது. நிறுத்தமாட்டோம், சாமி பாட்டு பாரு, நிறுத்துனா குத்தமாயிடும்னு எங்கூட்டுக்காரரு சொல்லுவாரு. அலைச் சேதி வர்ற வரைக்கும் அவரு இழுத்துக்கிட்டே இருப்பாரு. பாவம், வயசாளி.’

பாவம், வயசாளி. திரையில் என்ன நடக்கிறதென்று அதன்பின் எனக்குத் தெரியவில்லை. படகுகள் வந்தன, யாரோ பறையைத் தீயில் காய்ச்சினார்கள், குஞ்சம்மாள் சோறு தின்றாள். விளங்காது என்கிறாள். பொருள் சொல்கிறேனே, அடி அடியாகப் பிரித்து, இலக்கணக் குறிப்பு நீக்கி, பள்ளிக்குச் செல்லாதவனுக்கும் எட்டும்படி. எட்டும்படி என்று நான் நினைத்திருந்தேன். அலைச் சேதி வரும்வரை இழுத்துக்கொண்டிருக்கும் ஒருவன். சாமி குற்றத்துக்கு அஞ்சி அணைக்காமல் விடப்படும் ஓர் ஓசை, குளிர்பெட்டி இரைச்சல்போல். இவர்களிடம் சீட்டைக் கொடுத்து என் விதியை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவமதிப்பு என்னுடையதன்று என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், அவமதிக்கப்பட்டது பதிகம். என்னைப் பாவம் என்றதை நான் பொறுப்பேன், இறைவன் புகழை இரைச்சல் என்றதைப் பொறுக்கலாகாது. ஆனால் அவள் இரைச்சல் என்று சொல்லவில்லை. அது என் சொல். பாவம் என்பதுதான் அவள் சொல். எதைப் பொறுக்கவில்லையோ அதைப் பொறுத்ததாகவும், எது சொல்லப்படவில்லையோ அதற்காகச் சினந்ததாகவும் மனம் கணக்கை மாற்றி வைக்கிறது.

விளக்குகள் எரிந்தன. கைதட்டல், மூக்குச் சிந்தல், நாற்காலிகள் மடங்கும் ஓசை. ஜெனோவா ஒலிவாங்கியில் வந்தாள். ‘ஒரே ஒரு வார்த்தை எழுதினா போதும், பதிகம் இல்லன்னா ஒப்பாரி. எழுதத் தெரியாதவங்க பக்கத்துல இருக்கவங்ககிட்ட சொல்லி எழுதிக்கங்க.’ எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ராசகிளி என் பக்கம் திரும்பி, இடுப்பிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள், வியர்வையில் ஓரம் நனைந்த சீட்டு. ‘ஐயா, பேனா வச்சிருக்கீங்களே. நமக்கு எழுத்து வராது. ஒப்பாரின்னு எழுதிக் குடுங்க.’ நாற்பத்தோர் ஆண்டுகள் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியவன் நான். கிரயம், தானம், உயில், பாகப்பிரிவினை. அண்ணன் தம்பியை ஏமாற்றிய பத்திரங்களையும் எழுதியிருக்கிறேன், ஆனால் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். சீட்டை முழங்காலில் வைத்து மூடியைத் திறந்தேன். எழுத்தறியாத கை நீட்டிய தாள் எனக்குப் புதிதன்று. எனவே கை தானாகவே ‘ஒ’ என்று தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. இறைவன் புகழா, மரக்கட்டைக்கு அழும் ஓலமா என்ற கேள்வியில் இவளுக்கு நல்லதைச் செய்வது எது, குழந்தை மண்ணைக் கேட்டால் மண்ணையா கொடுப்போம், இதை இவளுக்குப் புண்ணியமாகவே எழுதுகிறேன், இந்தச் சீட்டின் பயன் இவள் மகனுக்கே சேரட்டும்; இத்தனையும் ஓர் எழுத்து எழுதும் நேரத்தில் வந்து போயின, எழுதிய எழுத்து ‘ப’. கோணலாக எழுதலாம் என்று பார்த்தேன். கை மறுத்தது. இந்த வட்டத்தில் எவரும் கண்டவுடன் அறியும் உருண்டைக் கையெழுத்தில், சுழியும் புள்ளியும் பிசகாமல், ‘பதிகம்’ என்று தாளில் நின்றது.

‘படிச்சுக் காட்டுங்கய்யா’ என்றாள். எழுதிய பத்திரத்தை எழுதச் சொன்னவர் காதுபட வாசித்துக் காட்டாமல் நான் ஒருநாளும் கைநாட்டு வாங்கியதில்லை. அவள் கேட்டது நியாயம். நான் சீட்டைப் பார்த்தேன். பார்த்தபடியே, ‘ஒப்பாரி’ என்று வாசித்தேன். நாற்பத்தோர் ஆண்டுகளில் முதன்முறையாகத் தாளில் இல்லாததை வாசித்தேன், அது இத்தனை தெளிவாக வந்தது. அவள் முகம் மலர்ந்தது. ‘நல்ல குரலுய்யா ஒங்களுக்கு. நீங்களே ரேடியோவுல பேசலாம்.’ சீட்டை மடிக்கப் போனேன். ‘மடிக்கறதுக்கு என்ன இருக்கு, திருட்டுச் சங்கதியா?’ என்று பறித்துக்கொண்டு, அப்படியே விரித்தபடி குடத்தை நோக்கிப் போனாள். மேடைக்குக் கீழே கொண்டுவந்து வைத்திருந்த அந்தக் குடத்துள் அவள் சீட்டு விழுந்ததை இங்கிருந்தே பார்த்தேன்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது, எனக்கும் ஒரு சீட்டு உண்டு. மனம் துள்ளியது, இதை எப்படி மறந்தேன்? பரிவர்த்தனைப் பத்திரம் என்று ஒன்று உண்டு. இவன் நிலம் அவனுக்கு, அவன் நிலம் இவனுக்கு, அளவு சமமானால் இருவருக்கும் நட்டமில்லை. என் சீட்டில் அவள் சொன்னதை எழுதிவிடுகிறேன். அவள் சீட்டு எனக்கு, என் சீட்டு அவளுக்கு. எண்ணிக்கை பிசகாது. என் பெயருக்கு நானே எழுதிக்கொண்ட இழிவும் இல்லை. பொய் என்று ஒன்று நடந்ததாகவே கருத வேண்டியதில்லை. பொய்யின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று தின்றுவிடும். ‘ஒப்பாரி’ என்று அழகாக எழுதினேன், மடித்தேன், வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பத்துப் பேர், ஐந்து பேர், ஒருவர். இத்தனை விரைவாக மனச்சான்றைத் தைத்துவிட முடியுமென்று தெரிந்திருந்தால் எத்தனை உறக்கம் மிச்சமாகியிருக்கும் என்றுகூட ஓர் எண்ணம் ஓடியது. குடத்தின் வாயில் ஒரு கை மூடியது. ஜெனோவாவின் கை. ‘ஐயா, நிகழ்ச்சி நடத்துறவங்களுக்கு ஓட்டு கெடையாதுங்களே. வாசல்ல யாரு உங்களுக்குச் சீட்டு குடுத்தா? தெரியாத புள்ளையா இருக்கும்.’ சிரித்தாள். ‘உங்களுக்கு நீங்களே போட்டுக்கலாம்னு பாத்தீங்களா?’ வேடிக்கையாகத்தான் கேட்டாள். கேட்டபடியே என் விரல்களிடையிலிருந்து சீட்டை எடுத்து, பிரித்து, பார்த்து, சிரிப்பு நின்று, என்னை ஏறிட்டுப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒலிவாங்கி அதற்குள் அவள் வாயருகே போயிருந்தது.

‘எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. இவருதான் நம்ம ஆபத்சகாயம் ஐயா, விடியக்காலம் பதிகம் பாடுறவரு. இவரு என்ன எழுதியிருக்காரு தெரியுமா? ஒப்பாரின்னு எழுதியிருக்காரு. தன் நிகழ்ச்சி போனாலும் பரவால்லைன்னு குஞ்சம்மாவுக்கு எழுதியிருக்காரு. இவருக்கு ஓட்டு இல்லாததால இத குடத்துல போடமாட்டேன். ஆனா இந்த மனசு யாருக்கு வரும்?’ அரங்கம் எழுந்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள், தாடிக்காரன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தான், முன்வரிசைக்காரன் விசில் அடித்தான். நான் கைகூப்பினேன். ஏன் கூப்பினேன்? கூப்பாமல் என்ன செய்வது? இவர்களை எள்ளளவும் மதிக்காத என் கைகள், இவர்கள் முன் மார்புக்கு நேரே, சன்னிதியில்கூட இத்தனை பணிவாகக் கூப்பியிராத முறையில் கூப்பிக்கொண்டு நின்றன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராசகிளி வந்தாள், முகமெல்லாம் நாணம். ‘ஐயோ சாமி, நீங்கதானா அது! பாவம் வயசாளின்னெல்லாம் சொல்லிட்டேனே!’ பிறகு மேடையைப் பார்த்துக் கையை உயர்த்தி உரக்கச் சொன்னாள்: ‘எஞ் சீட்டும் ஐயா கையால எழுதினதுதான்! நானும் ஒப்பாரிதான்!’ மறுபடியும் கைதட்டல். ‘அப்போ எண்ணிடுவோம்’ என்றாள் ஜெனோவா. ‘ஒவ்வொரு சீட்டையும் படிச்சு, எல்லாருக்கும் தெரியிற மாதிரி தூக்கிக் காட்டுவேன். ஐயா, நீங்களே பக்கத்துல சாட்சியா நில்லுங்க.’ என் முழங்கையைப் பற்றி மேடையேற்றினாள். இருவர் குடத்தைத் தூக்கிவந்து விரித்த வெள்ளைத்துணிமேல் கவிழ்த்தார்கள். நூற்றுக்குமேல் சீட்டுகள், எல்லாம் நான்காகவும் எட்டாகவும் மடித்தவை. விரித்தபடி கிடந்தது ஒன்றுதான். ஜெனோவாவின் கை முதலில் அதற்குத்தான் போனது.